பதினைந்தாம் கட்டம்

அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஜனவரி முடிவதற்குள் டபிள்யூ-2 என்ற படிவத்தைக் கம்பெனி கொடுத்துவிட வேண்டும். நம் ஊரில் படிவம் 16 செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. அரைப் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். முதல் கட்டத்தில் ஆண்டுச் சம்பளம், இரண்டாவதில் மத்திய அரசுக்காகப் பிடித்த வரி. இந்தியாவிலிருந்து போனவர்களின் கண் பெரும்பாலும் அந்த இரண்டோடு நின்றுவிடும். படிவத்தின் அடியில் 15, 16, 17 என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன: மாநிலத்தின் பெயர், அந்த மாநிலக் கணக்கில் வரும் சம்பளம், அந்த மாநிலத்துக்காகப் பிடித்த வரி.

2017 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில், ஒரு வாடகை வீட்டின் சமையலறை மேசையில் அந்தப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் நங்கநல்லூர்ப் பெண் ஒருத்தி. பதினைந்தாம் கட்டத்தில் இரண்டு வரிகள் இருந்தன. மேலே என்.ஒய்., கீழே என்.ஜே. இரண்டுக்கும் நேரே முழு ஆண்டுச் சம்பளம். கூட்டிப் பார்த்தால், அவள் வாங்காத இன்னொரு சம்பளம் கணக்கில் முளைத்திருந்தது. போதாக்குறைக்கு இரண்டு தொகையும் ஒன்றாகவும் இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் பிடித்த பணத்தை நியூயார்க் வருமானத்தில் சேர்க்காது. நியூ ஜெர்சி சேர்த்துவிடும்.

வீடு எடிசனில், அலுவலகம் மன்ஹாட்டனில். காலையில் நியூ ஜெர்சி டிரான்சிட் ரயிலைப் பிடித்து, ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கம் வழியாக பென் ஸ்டேஷனில் போய் இறங்குவாள். மாநில எல்லை அந்த ஆற்றில்தான் ஓடுகிறது. ரயிலில் இருக்கும் யாருக்கும் அது தெரியாது. வரி இலாகாவுக்குத் தெரியும்.

நங்கநல்லூரில் அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவை ஃபோனில் பிடித்தாள். “ஒரே சம்பளத்துக்கு ரெண்டு ஸ்டேட்டும் வரி கேக்குதுப்பா.” மீனம்பாக்கத்திலிருந்து ஏறிய விமானத்தின் சத்தம் அடங்கும்வரை அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அந்தப் பேட்டையில் ஃபோன் பேசுகிற எல்லோருக்கும் பழகிப்போன இடைவேளை அது. பிறகு அப்பா கேட்டார்: “வேலை எந்த ஊர்ல, வீடு எந்த ஊர்ல? அதை முதல்ல சொல்லும்மா.”

இந்தக் கேள்வி சட்டென்று அவருக்கு வந்ததற்குக் காரணம் குன்னூர் தேயிலை.

அவர் ஏ.ஜி. ஆபீஸில் ரெவின்யூ ஆடிட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். மாநில அரசின் வரி வசூலைத் தணிக்கை செய்கிற பிரிவு அது. இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை வருமானத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. விவசாயம் அல்லாத வருமானத்துக்கு வரி போடும் உரிமை மத்திய அரசுக்கு. விவசாய வருமானத்துக்கு வரி போடும் உரிமை மாநிலத்துக்கு. சென்னை மாநிலம் 1955-லேயே தோட்டப் பயிர்களின் வருமானத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. ஆக, மாநில வருமான வரி என்ற ஒன்று தமிழ்நாட்டிலும் இருந்தது. நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. குன்னூர், வால்பாறை பக்கம் ஆடிட் பார்ட்டியாக டூர் போய், எஸ்டேட்டுகளின் வரிக் கோப்புகளைப் புரட்டியவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

தேயிலையில் ஒரு சிக்கல் உண்டு. செடி வளர்த்து இலை பறிக்கிற வரை அது விவசாயம். அந்த இலையை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தித் தூளாக்குவது தொழிற்சாலை வேலை. விற்று வந்த லாபம் மட்டும் ஒன்று. அதில் எவ்வளவு தோட்டத்தில் விளைந்தது, எவ்வளவு ஆலையில் விளைந்தது? 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் எட்டாவது விதி இதற்கு ஒரு கோடு போட்டது: 40 சதவீதம் மத்திய அரசின் கணக்கு, மீதி 60 சதவீதம் விவசாய வருமானம். ஒரே லாபத்தை இரண்டு அரசுகள் பங்கு போட்டுக்கொள்ளும்போது ஒருவர் எடுத்த பங்கை மற்றவர் தொடக்கூடாது என்பது அப்பாவுக்குத் தணிக்கையில் ஊறிப்போன பாடம். “நியூயார்க் எடுத்துண்டதை நியூ ஜெர்சி விட்டுக்கொடுத்தாகணும். அந்த ரூல் எங்கேயாவது இருக்கும், தேடு” என்றார்.

இருந்தது. வேலை பார்த்த மாநிலம் முதலில் வரி எடுக்கும். குடியிருக்கிற மாநிலம் முழுச் சம்பளத்துக்கும் வரி போட்டுவிட்டு, வெளி மாநிலத்தில் கட்டியதைக் கழித்துக்கொடுக்கும். அதனால் ரிட்டர்ன் தயாரிப்பதில் வரிசை முக்கியம். முதலில் நியூயார்க்கின் ஐ.டி.-203, அதாவது அந்த மாநிலத்தில் குடியில்லாதவர்களுக்கான படிவம். அதில் வரும் வரித் தொகையை எடுத்துக்கொண்டு போய்த்தான் நியூ ஜெர்சியின் 1040 படிவத்தில் கழிவு கேட்க முடியும். மாற்றிச் செய்தால் இரண்டாவது படிவத்தில் நிரப்ப எண்ணே இருக்காது. கழிவுக்கும் உச்ச வரம்பு உண்டு. உதாரணக் கணக்காக, நியூயார்க்கில் வரி 5,000 டாலர், அதே சம்பளத்துக்கு நியூ ஜெர்சி விகிதத்தில் 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், கழிவு 3,000 வரைதான். மீதி 2,000 டாலர் நியூயார்க்கோடு போனது போனதுதான். நடுத்தரச் சம்பளங்களில் நியூயார்க் விகிதம்தான் அதிகம் என்பதால், எடிசனில் படுத்து எழுந்து, எடிசன் சாலைகளில் நடந்து, எடிசன் நூலகத்தில் புத்தகம் எடுத்த அவளுடைய சம்பளத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு அநேகமாக ஒன்றும் போகவில்லை.

அதே அலுவலகத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சில தமிழர்களும் இருந்தார்கள். அவர்களிடம் அவள் வேறொரு கதை கேட்டாள். நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் 1977-இலிருந்து ஓர் உடன்பாடு இருக்கிறது. டெலவர் ஆற்றின் இக்கரையில் வீடு, அக்கரையில் வேலை என்றால், குடியிருக்கிற மாநிலத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 2016 செப்டம்பரில் நியூ ஜெர்சி ஆளுநர் கிரிஸ் கிறிஸ்டி அந்த உடன்பாட்டை முறிக்கப்போவதாக அறிவித்தார். நவம்பரில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இடைப்பட்ட அந்த இரண்டரை மாதமும் ஆற்றின் இரு கரைகளிலும் பல வீடுகளில் வரவு செலவுக் கணக்கு தலைகீழாகப் போடப்பட்டது. நியூயார்க்கோடு நியூ ஜெர்சிக்கு அப்படி ஓர் உடன்பாடு இல்லை.

வெளியிலிருந்து வந்து சம்பாதிப்பவரிடம் வரி வாங்க மாநிலத்துக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1920-லேயே பதில் சொல்லிவிட்டது. சிகாகோவில் குடியிருந்த ஷேஃபர் என்பவருக்கு ஓக்லஹோமாவில் எண்ணெய்த் தொழில். அங்கே எடுத்த வருமானத்துக்கு அங்கே வரி உண்டு என்பது தீர்ப்பு. குடியிருக்கிற மாநிலம் விட்டுக்கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான பதில் வர 2015 ஆகிவிட்டது. மேரிலாந்து மாநிலம், அங்கே குடியிருந்த வின் தம்பதிக்கு வெளி மாநிலத்தில் கட்டிய வரியை முழுதாகக் கழித்துக்கொடுக்கவில்லை. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் மேரிலாந்து செய்தது தவறு என்றார்கள். அப்பாவின் தேயிலை நியாயம் வாஷிங்டனில் ஒரே ஒரு நீதிபதியின் வாக்கில்தான் ஜெயித்தது.

விளையாட்டு வீரர்களையும் அமெரிக்க மாநிலங்கள் விடுவதில்லை. 1991-ல் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணி லாஸ் ஏஞ்சலிஸ் போய் லேக்கர்ஸ் அணியைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றது. தன் மண்ணில் ஆடிய நாட்களுக்கான வரியைக் கலிஃபோர்னியா அந்த வீரர்களிடம் கேட்டது. சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலம் பதிலுக்கு அதேபோல ஒரு சட்டம் கொண்டுவந்தது. நம் ஐ.பி.எல். வீரரை யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் சேப்பாக்கம், அடுத்த வாரம் வான்கடே, அதற்கடுத்து ஈடன் கார்டன்ஸ். எந்த மாநிலமும் அவரிடம் வருமான வரி ரிட்டர்ன் கேட்பதில்லை. ஏழாவது அட்டவணை அந்த வேலையையே இல்லாமல் செய்துவிட்டது.

இந்த வசதியிலேயே வளர்ந்தவர்கள் நாம். நாட்டில் எங்கே போனாலும் ஒரு பான் எண், ஒரு ரிட்டர்ன். நங்கநல்லூரில் அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஜூலை மாதம் வந்தால் வீட்டுத் திண்ணையில் தெருக்காரர்கள் படிவம் 16-ஐ எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். ‘சரள்’ என்ற ஒற்றைத் தாள் படிவத்தை அப்பா அவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பார். நுங்கம்பாக்கம் ஆயக்கர் பவனில் வரிசையில் நின்று அதைக் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய நகலை வாங்கி வந்தால் அந்த வருடத்து வரி வேலை முடிந்தது. அந்த நகலையும் பச்சை டேக் போட்டுக் கோத்து வைக்கச் சொல்வார். ஆபீஸ் பழக்கம்.

அவளும் இந்தியாவுக்குள் ஊர் ஊராக வேலை பார்த்தவள்தான். 2008-ல் தரமணி டைடல் பார்க்கில் முதல் வேலை. இரண்டு வருடம் கழித்துப் பெங்களூருவில் வேறு கம்பெனி. அதன் பிறகு குருகிராம். அப்போது அதற்கு குர்காவ் என்று பெயர். சம்பளச் சீட்டில் ஊருக்கு ஊர் மாறியது ஒரே ஒரு வரிதான், பி.டி. என்று போட்டிருக்கும் தொழில் வரி. சென்னையில் அரையாண்டுக்கு ஒரு முறை பிடித்தார்கள். பெங்களூருவில் மாதம் 200 ரூபாய். குர்காவில் அந்த வரியே இல்லை, ஹரியானாவில் தொழில் வரி கிடையாது. டெல்லியிலும் கிடையாது. மும்பைக்கு மாற்றலாகிப் போன அவளுடைய தோழிக்கு மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. அந்த 300 எதற்கென்று கணக்குப் போட்டால், 200 வீதம் பதினோரு மாதம் 2,200, அதோடு 300 சேர்ந்து 2,500. அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு வைத்திருக்கிற உச்ச வரம்பு சரியாக அந்த 2,500-தான்.

மகாராஷ்டிரத்தின் தொழில் வரிக்கு ஒரு பெருமை உண்டு, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தைக் கடும் வறட்சி உலுக்கியபோது கிராமத்து ஏழைகளுக்கு வேலை கொடுக்க வேலை உறுதித் திட்டம் தொடங்கினார்கள். அதற்குப் பணம் திரட்ட வந்ததுதான் 1975-ஆம் ஆண்டுத் தொழில் வரிச் சட்டம். மும்பை அலுவலகங்களில் சம்பளச் சீட்டில் பிடித்த சில்லறைத் தொகை, மராத்வாடா பக்கம் குளம் வெட்டியவர்களுக்கும் சாலை போட்டவர்களுக்கும் கூலியாகப் போய்ச் சேர்ந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு முன்னோடி அந்தத் திட்டம்தான்.

பெங்களூருவுக்கு மாறிய ஆண்டில் அவளுக்கு இரண்டு படிவம் 16. மாநிலம் மாறியதால் வந்த சிக்கல் அல்ல இது, கம்பெனி மாறியதால் வந்தது. 2010-11 நிதியாண்டில் பெண்களுக்கு 1,90,000 ரூபாய் வரை வரி இல்லை. ஆண்களுக்கு 1,60,000. பழைய கம்பெனியும் அந்தச் சலுகையைக் கொடுத்துக் கணக்குப் போட்டிருந்தது, புதிய கம்பெனியும் கொடுத்திருந்தது. 80சி கழிவும் அப்படியே இரண்டு தடவை. புதிய இடத்தில் சேரும்போது பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் வாங்கிக்கொண்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. அப்பா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் கூட்டி, வட்டியோடு எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ரிட்டர்னை இணையத்தில் போட்டுவிட்டு, கையெழுத்திட்ட ஒப்புகைத் தாளைப் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பிய காலம் அது.

எடிசன் மேசையிலிருந்து அவள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவுக்கு இன்னொன்று பிடிபட்டது. வேலைக்குப் போன காலம் முழுக்க அவர் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினார், மாம்பலத்தில் இறங்கி பஸ் பிடித்துத் தேனாம்பேட்டை போனார். நங்கநல்லூர் அப்போது ஆலந்தூர் நகராட்சி, அலுவலகம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள். தமிழ்நாட்டில் தொழில் வரியை வசூலிப்பவை உள்ளாட்சிகள்தான். அதுவும் வேலை செய்யும் இடத்து உள்ளாட்சி. அவருடைய வீட்டு வரி ஆலந்தூருக்குப் போனது, தொழில் வரி சென்னைக்குப் போனது. “நானும் தினம் பார்டர் தாண்டிப் போயிட்டு வந்தவன்தாம்மா” என்று சொல்லிச் சிரித்தார். 2011-ல் ஆலந்தூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் இப்போது அந்த எல்லை இல்லை.

2020 மார்ச்சில் மன்ஹாட்டன் அலுவலகம் மூடியது. ஹட்சனைத் தாண்டாமல், எடிசன் படுக்கையறையின் மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். வீடும் நியூ ஜெர்சி, வேலையும் நியூ ஜெர்சி, ஆகவே வரியும் நியூ ஜெர்சிக்கே என்றுதான் யாரும் நினைப்பார்கள். நியூயார்க் அப்படி நினைக்கவில்லை. முதலாளியின் தேவைக்காக இல்லாமல் தன் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்தால், அந்த நாளும் நியூயார்க்கில் வேலை செய்த நாள்தான் என்பது அந்த மாநிலத்தின் பழைய விதி. தொற்றுக் காலத்துக்கும் அது பொருந்தும் என்று வரி இலாகா விளக்கம் கொடுத்தது. ஊரே அடைந்து கிடந்த மாதங்களில் வீட்டில் இருந்ததைத் தன் வசதிக்காக என்று சொல்வது நியாயமாக இல்லை. அவளும் அப்பாவும் மட்டுமல்ல, நியூ ஜெர்சி அரசே அப்படித்தான் சொன்னது. மாசசூசெட்ஸும் இதே வழியில் போனபோது, சம்பளத்துக்கு வரியே இல்லாத பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஜூனில் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. 2023-ல் நியூ ஜெர்சி, நியூயார்க்கின் விதிக்கு எதிர் விதியாகத் தானும் ஒரு சட்டம் போட்டது.

அதற்குள் அவள் டெக்சாஸுக்குப் போய்விட்டாள். 2021 நடுவில் கம்பெனியின் டாலஸ் அலுவலகத்துக்கு மாற்றல். டெக்சாஸில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. தனிநபர் வருமான வரியை இனி யாரும் கொண்டுவரக் கூடாது என்று 2019 நவம்பரில் மக்கள் வாக்களித்து, மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அந்தப் பணத்தை வேறு வழியில் எடுக்கிறார்கள். வீட்டு வரி அங்கே கடுமை, அது வாடகையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாற்றலாகிப் போன பிறகும் சம்பளப் பிரிவு சில மாதங்கள் நியூயார்க் வரியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. முகவரி மாற்றம் மனிதவளத் துறையில் பதிவாகி, சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றிருந்தது. அடுத்த ஜனவரியில் வந்த டபிள்யூ-2-இல் டெக்சாஸில் வாங்கிய சம்பளமும் நியூயார்க் கணக்கில் ஏறியிருந்தது. திரும்ப வாங்க வழி உண்டு, உழைக்க வேண்டும். ஐ.டி.-203-உடன் இணைக்கும் ஒரு தாளில் வருடத்தின் நாட்களைப் பிரித்து எழுத வேண்டும். மொத்த நாட்களிலிருந்து சனி, ஞாயிறு, விடுமுறை, உடம்பு சரியில்லாமல் போன நாள், லீவு எல்லாவற்றையும் கழித்தால் வருவது வேலை நாள். அதில் மாநிலத்துக்கு வெளியே வேலை பார்த்தவை எத்தனை? அந்த விகிதத்தில்தான் சம்பளம் பிரியும்.

கையில் ஆதாரம் இருந்தால்தான் அந்தத் தாளில் எதையாவது எழுத முடியும். நல்லவேளையாக அவளிடம் அப்பாவின் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எடிசன் வீட்டைக் காலி செய்த கடிதம், சாமான் ஏற்றிய லாரிக் கம்பெனியின் ரசீது, டாலஸ் வாடகை ஒப்பந்தம், டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம், மாற்றல் உத்தரவு. இந்த ஐந்து தாளில் இருந்த தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்தின. வாட்ஸ்ஆப் வீடியோவில் அப்பா ஒவ்வொன்றையும் கேமரா முன்னால் பிடிக்கச் சொன்னார். லாரி ரசீதில் தேதி மங்கலாக இருந்தது. “அதுக்கு வங்கி ஸ்டேட்மென்ட்ல பணம் போன தேதியை எடுத்து சப்போர்ட் வை” என்றார். திருத்திய டபிள்யூ-2-ஐக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னதும் அவர்தான். அது வந்து சேர்ந்த பிறகே ரிட்டர்ன் போனது. அந்த வருடத்துக்கு அவள் நியூ ஜெர்சிக்குப் பாதி வருடக் குடியாக ஒன்று, நியூயார்க்குக்கு வெளியாளாக ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என மூன்று ரிட்டர்ன் போட்டாள். டெக்சாஸுக்கு ஒன்றுமில்லை. பிடித்தம் செய்த பணம் அந்தக் கோடையில் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது.

2023-ல் அவள் ஊர் திரும்பினாள். திரும்பி வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுவது நல்லது. இந்தியாவும் அமெரிக்காவும் 1989-ல் கையெழுத்திட்ட இரட்டை வரி ஒப்பந்தம் அமெரிக்காவின் மத்திய வருமான வரியைத்தான் தொடுகிறது. நியூயார்க்கோ கலிஃபோர்னியாவோ வாங்கிய மாநில வரி அதில் இல்லை. சில மாத புராஜெக்டுக்காக அங்கே போய்விட்டு, வரிக் கணக்கில் இந்தியக் குடியாகவே இருப்பவர்களுக்கு இது பெரிய அடி. இரண்டு நாட்டிலும் வரி கட்டிவிட்டு, மாநில வரிக்கு மட்டும் கழிவு கிடைக்காமல் நிற்பார்கள். 2015-ல் விப்ரோ வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம், வருமான வரிச் சட்டத்தின் 91-ஆவது பிரிவின்படி மாநில வரிக்கும் கழிவு உண்டு என்று சொன்னது. தணிக்கையாளரிடம் போகும்போது அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள். எல்லோரும் தாமாக எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ராஜீவ் காந்தி சாலையில் ஒரு கம்பெனியில் இப்போது வேலை. சம்பளச் சீட்டில் பி.டி. மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அரையாண்டுக்கு 1,250 ரூபாய். அதே கட்டடத்தின் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் 1,250 பிடிக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிய வந்தபோது நம்ப முடியவில்லை. கணக்கு சரிதான். சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினாலே உச்ச விகிதம். மாதம் 12,500-க்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். அதற்கு மேல் மாதம் மூன்று லட்சம் வாங்கினாலும் ஒரு பைசா கூடாது.

இது மாநகராட்சியின் குற்றம் அல்ல. 1941-ல் வெள்ளைக்காரர்கள் இந்த வரிக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் என்று வரம்பு கட்டினார்கள். 1950-ல் அரசியல் சட்டம் அதை 250 ஆக்கியது. 1988-ல் அறுபதாவது திருத்தம் 2,500 ஆக்கியது. மாநிலங்கள் தொழில் வரி என்ற பெயரில் இன்னொரு வருமான வரி போட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த வரம்பு. அந்த நோக்கம் நல்லது. அதனால்தான் ஊர் மாறி வேலை பார்க்கிற இந்தியர் மூன்று ரிட்டர்ன் போடாமல் தப்பிக்கிறார். ஆனால் 1988-க்குப் பிறகு இத்தனை வருடமாக அந்த எண்ணைத் தொடாமல் விட்டதில், பளுவெல்லாம் கீழே இருப்பவர் தலையில் இறங்கியிருக்கிறது. குப்பை அள்ளுவதும், மழைநீர் வடிகால் தூர் வாருவதும், தெருவிளக்கு எரிவதும் உள்ளாட்சியின் வேலை. பெரிய சம்பளக்காரரிடம் அதற்காக ஆண்டுக்கு 2,500-க்கு மேல் கேட்க அதற்கு வழியில்லை. பதிமூன்றாயிரம் ரூபாய்க்காரரிடம் அதே 2,500-ஐ வாங்குகிறது. நாடாளுமன்றம் வரம்பை உயர்த்தி, அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்கைக் கூட்டினால் இரண்டும் சரியாகும்.

இப்போது நங்கநல்லூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்க வருகிறவர்கள் அவளைத் தேடி வருகிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் இங்கே. போன வருடம் எதிர் வீட்டு மாமி ஃபோனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மறுமுனையில் மாமியின் பையன். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் வேலை கிடைத்திருக்கிறது, கொலம்பியா ஆற்றைத் தாண்டினால் வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர், அங்கே வீடு எடுத்தால் சம்பளத்துக்கு வரியே கட்ட வேண்டாமாம், நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்களாம்.

“ஆபீஸ் ஆற்றுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“போர்ட்லாண்ட் பக்கம்தான்க்கா.”

அப்படியானால் ஓரிகன் விடாது என்று விளக்கினாள். வாஷிங்டனில் சம்பளத்துக்கு வரி இல்லாததால், ஓரிகனில் கட்டியதைக் கழித்துக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. வான்கூவரில் வீடு எடுக்க வேறு காரணம் இருந்தால் எடுக்கலாம், வரிக்காக எடுக்க வேண்டாம். எடுத்தால், கம்பெனி அனுமதியோடு வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களை முதல் நாளிலிருந்தே ஒரு டைரியில் குறித்து வைக்கச் சொன்னாள். ஓரிகனில் வெளியாட்களுக்கான படிவம் 40-என், அதில் அந்த நாட்களைப் பிரித்துக் காட்டலாம். நியூயார்க்கின் வசதி விதி அங்கே சாதாரண ஊழியர்களுக்கு இல்லை. பையன் எழுதிக்கொண்டான். படிவத்தின் பெயரை இன்னொரு தடவை கேட்டான். பக்கத்தில் நின்ற மாமி, “வாடகை அந்தப் பக்கம் எவ்வளவாம், அதையும் கேளேன்” என்றார்.